டொரண்டோவில் லூஸ் ஆடினாள்

தமிழ்நாட்டில் லூஸ் என்று பெயர் வைத்துக்கொண்டு ஒருத்தி பிழைக்க முடியாது. ஜித்தாவில் நர்ஸ்கள் விடுதியில் என் அறைக்குப் புதிதாக வந்தவள் கையை நீட்டி, "நான் லூஸ்" என்று ஆங்கிலத்தில் சொன்னபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. துண்டை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு குளியலறைக்குள் ஓடிவிட்டேன். பிறகு எங்கள் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவள் என்னைவிட அதிகமாகச் சிரித்தாள். "எங்கள் ஊரில் வெளிச்சம் என்று அர்த்தம். உங்கள் ஊரில்தான் சரியாகச் சொல்கிறார்கள்" என்றாள்.

லூஸ் மணிலாவில் பெயர்பெற்ற நடனக் குழு ஒன்றில் ஆடியவள். தீவு தீவாகப் போய் மீனவர்களும் உழவர்களும் ஆடும் ஆட்டங்களைக் கற்று, அவற்றைப் பெரிய மேடைகளுக்குக் கொண்டுவந்த குழு அது. இருபது வயதுக்குள் பாரிஸையும் டோக்கியோவையும் பார்த்துவிட்டாள். அவளுடைய படம் பத்திரிகை அட்டையில் வந்தது. அப்பா திடீரென்று இறந்துபோக, தம்பிகளைப் படிக்கவைக்க வேண்டும் என்று நர்சிங் சேர்ந்து, எங்களைப் போலவே சவூதிக்கு வந்து சேர்ந்தாள்.

வெள்ளிக்கிழமை மதியங்களில் விடுதியின் திரைச்சீலைகளை எல்லாம் இழுத்து மூடிவிட்டு அவள் ஆடுவாள். வெளியே சத்தம் கேட்கக்கூடாது என்பதால் பாட்டு கிடையாது. தலையில் ஒரு டீ கிளாஸ், இரண்டு புறங்கைகளிலும் ஒவ்வொன்று, அதற்குள் மெழுகுவத்தித் துண்டுகள். மலையாளிப் பெண்கள், நான், மற்ற பிலிப்பினோப் பெண்கள் எல்லோரும் கட்டில்களில் சப்பணமிட்டு உட்கார்ந்து மூச்சுவிடாமல் பார்ப்போம். சுடர் ஒருமுறைகூட அணைந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அந்த நாட்களில் எங்களுக்கு அழுவதற்கு எவ்வளவோ காரணங்கள் இருந்தன. அந்த ஒரு மதியத்துக்காக வாரம் முழுவதும் ஓடும்.

பிறகு நான் ஊர் திரும்பினேன். அவள் சிற்பி பென்னைக் கல்யாணம் செய்துகொண்டு கனடா போனாள். போனில் மட்டும் நட்பு மிஞ்சியது. இந்த வருடம் ஆரம்பத்தில் கூப்பிட்டு, "எங்கள் ஆட்கள் ஒரு விழா நடத்துகிறார்கள். ஓர் ஓவியர், ஒரு சிற்பி, ஒரு நடனக்காரி, மூன்று பேருக்கு மரியாதை. சிற்பி என் பென், அவர் இல்லாவிட்டாலும். நடனக்காரி நான். மூன்று விளக்கோடு ஆடப்போகிறேன், சூகி. நீ வந்து பார்" என்றாள்.

என் பெயர் சுகிர்தா. சூகி என்று கூப்பிட உலகத்தில் அவள் ஒருத்திதான் இருக்கிறாள். மகன் அருள் டொரண்டோவை ஒட்டிய மார்க்கம் நகரில் வீடு வாங்கிய நாளிலிருந்து வா வா என்று நச்சரித்துக்கொண்டிருந்தான். அவனுக்காகப் போவதாகச் சொல்லிவிட்டு, லூஸுக்காகக் கிளம்பினேன்.

மார்க்கத்தில் தெருவில் மனிதர்களைப் பார்ப்பதே அபூர்வம். கராஜ் கதவு தானாகத் திறக்கும், கார் வெளியே போகும், கதவு தானாக மூடும். பாளையங்கோட்டையில் வாசலைத் தாண்டினால் போதும், "எங்கக்கா கிளம்பிட்டிய?" என்று மூன்று பேராவது கேட்டுவிடுவார்கள். இங்கே முதல் நாள் முழுவதும் என்னைப் பார்த்து நின்றது பக்கத்து வீட்டு நாய் மட்டும்தான். ஏப்ரல் பிறந்தும் மரங்களில் இலை வரவில்லை. வாகன நிறுத்தத்தின் மூலையில் ஒரு குவியல் பனி அழுக்கேறிக் கிடந்தது.

வெள்ளிக்கிழமை லூஸைப் பார்க்கக் கிளம்பினேன். அவள் இருப்பது நகரத்தின் நடுவில், செயின்ட் ஜேம்ஸ் டவுனில்.

"சாயங்காலம் நானே கொண்டு விடுதேம்மா" என்றான் அருள்.

"ஏல, நான் சவூதியில தனியா இருந்தவ. நீ மீட்டிங்கப் பாரு, நான் போயிருவேன்."

சுரங்க ரயிலில் கஷ்டமில்லை. அதிலிருந்து இறங்கி டிராமில் ஏறியதில்தான் தப்பு நடந்தது. ஜன்னல் ஓரம் இடம் கிடைத்த சந்தோஷத்தில் கடைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு வெகுதூரம் போய்விட்டேன். மடியில் கடலை மிட்டாய் டப்பா. எதிரே உட்கார்ந்திருந்த இளம்பெண் என் சேலையையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அன்ரி, எங்க போறீங்கள்?" என்று கேட்டாள். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். சொன்னேன்.

"ஓ நோ. அது மற்றப் பக்கம் அன்ரி. திஸ் இஸ் கோயிங் வெஸ்ட். வாங்கோ, நான் இறங்கிக் காட்டுறன்."

எனக்காகத் தூறலில் இறங்கினாள். எதிர்ப்பக்க நிறுத்தத்தில் என்னோடு நின்றாள். டிராம் வந்ததும் ஓட்டுநரிடம் ஆங்கிலத்தில் என்னை ஒப்படைத்தாள். கடலை மிட்டாய் கொடுத்தேன். "இது என்ன அன்ரி, பீனட் பிரிட்டிலா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். ஊரில் என் அக்கா பேத்திக்கும் ஏறக்குறைய அதே வயது. அவளும் இப்படித்தான் கேட்பாள்.

செயின்ட் ஜேம்ஸ் டவுன் முழுக்க வானத்தை முட்டும் குடியிருப்புகள். கீழே வாசலில் நான் விழித்துக்கொண்டு நிற்க, கையில் காய்கறிப் பையோடு வந்த ஒரு பெண், "லூஸ் அன்ரின்ரை சிநேகிதியோ?" என்றார். பெயர் ராணி, மன்னார்க்காரர், லூஸுக்கு அடுத்த வீடு. இருவருக்கும் ஒரே கோயில். கத்தோலிக்கர்கள் தேவாலயத்தை அப்படித்தான் சொல்கிறார்கள்.

"உந்த லிஃப்ட் நிண்டு நிண்டுதான் போகும். மற்றதுக்கு வாங்கோ அக்கா. அன்ரி விடியத் தொடக்கம் மூண்டு தரம் என்னட்டைக் கேட்டிட்டா, வந்திட்டாவோ வந்திட்டாவோ எண்டு."

லூஸ் கதவைத் திறந்தாள். முடி முழுக்க வெள்ளை. முதுகு மட்டும் அதே நேர்க்கோடு. இருவரும் வாசலிலேயே ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றோம். எங்களைப் பார்த்து ராணி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மேசை நிறையச் சாப்பாடு. வினிகரும் சோயாவும் ஊற்றிச் சமைத்த கோழி. புளிக்குழம்பைத் தண்ணீராக்கி மீனைப் போட்டதுபோல ஒரு சூப். அரிசி மாவில் அவித்த சின்னச் சின்னப் பணியாரங்கள், இட்லிக்குத் தங்கை மாதிரி. அதன் பெயர் புட்டோ. ஜித்தாவில் நான் புட்டு அவித்தபோது, "எங்கள் ஊர்ப் பெயரைத் திருடிவிட்டீர்கள்" என்று இவள் என்னோடும் மலையாளிப் பெண்களோடும் சண்டைக்குப் போனது ஞாபகம் வந்தது. அதைச் சொல்லிச் சிரித்தோம். பேசினோம், பேசினோம், அப்படிப் பேசினோம். யார் செத்துப்போனார்கள், யார் டூட்டியில் தூங்கி மாட்டிக்கொண்டார்கள், கறுப்பு அபாயாவைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனபோது யார் வேறு யாரோடோ பஸ் ஏறிவிட்டார்கள்.

ராணி கிளம்பிப் போன பிறகுதான் கவனித்தேன். பேச்சு முழுவதும் லூஸ் எல்லாவற்றையும் இடது கையால் செய்துகொண்டிருந்தாள். வலது கை மடியில், சால்வைக்கு அடியில். சால்வை அசைந்துகொண்டிருந்தது.

சால்வையை விலக்கினேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கண்ணுக்குத் தெரியாத மாத்திரை ஒன்றை உருட்டுவதுபோல ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டிருந்தன. வார்டில் எத்தனையோ பேரிடம் பார்த்த நடுக்கம்தான். எனக்குத் தெரிந்தால் அவளுக்கும் தெரியும். அவளும் நர்ஸ்தானே.

"எப்போதிலிருந்து?"

"கிறிஸ்துமஸிலிருந்து."

"டாக்டர்?"

"ஞாயிற்றுக்கிழமை விழாவில் ஆடிவிட்டுப் போகிறேன்."

"மாயாவுக்குத் தெரியுமா?"

மாயா அவளுடைய ஒரே மகள். அம்மாவிடம் கற்று, இப்போது அம்மாவோடு சேர்ந்து கோயில் நிலவறைக் கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கு நடனம் சொல்லிக்கொடுக்கிறாள். லூஸ் தலையை ஆட்டினாள். தெரியாது.

"தெரிந்தால் என்னை மேடையேற விடமாட்டாள். விளக்கில் எண்ணெய் இருக்கிறது, நெருப்பு இருக்கிறது. நாற்காலியில் உட்காரவைத்து மாலை போட்டு அனுப்பிவிடுவார்கள். எனக்கு மாலை வேண்டாம், சூகி."

"உனக்கு ஏதாவது ஆனால்?"

"அதனால்தான் உன்னை வரச்சொன்னேன்."

கோபம் வந்தது. ஆட்டம் பார்க்கக் கூப்பிட்டாள் என்று நினைத்து இவ்வளவு தூரம் பறந்து வந்தவள் நான். டூட்டிக்கல்லவா கூப்பிட்டிருக்கிறாள். எழுந்துபோய் ஜன்னல் அருகே நின்றேன். எதிர்க் கட்டடத்தில் பால்கனி தவறாமல் துணி காய்ந்தது.

பிறகு திரும்பிவந்து, "விளக்கை எடு, பார்க்கிறேன்" என்றேன்.

கண்ணாடி விளக்கை ஏற்றாமல் வலது புறங்கையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். கை சுழன்று மேலே போனது, தோளைச் சுற்றி வந்தது, இடுப்புக்கு இறங்கியது. நடுக்கம் இல்லை. சுத்தமாக இல்லை. இந்த நடுக்குவாத நோய் அப்படித்தான். சும்மா இருக்கும் கையைத்தான் பிடித்து ஆட்டும், வேலை செய்யும் கையை விட்டுவிடும். ஆட்டத்தின் முடிவில் இரண்டு கைகளையும் விரித்து அசையாமல் நிற்க வேண்டும். நின்றாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கண்ணாடி மெதுவாகக் கிலுகிலுக்க ஆரம்பித்தது. நான் கையை நீட்டி விளக்கை வாங்கிக்கொண்டேன்.

"நிற்கிற இடத்தில்தான் வருகிறது. முடிவை மாற்று."

"மாட்டேன். அந்த முடிவு என் குருவுடையது. ஒரு தீவில் மீனவப் பெண்களிடம் அவர் கேட்டு வாங்கியது. கடலைப் பார்த்து விளக்கோடு நிற்பார்களாம், படகு கரைக்கு வருகிறவரை. அதை மாற்ற நான் யார்?"

அதற்கு மேல் அதைப்பற்றிப் பேச விடவில்லை. ஒன்று மட்டும் சத்தியம் வாங்கினேன். திங்கட்கிழமை டாக்டரைக் கூப்பிட வேண்டும், மாயாவிடம் சொல்ல வேண்டும். இல்லையென்றால் இப்போதே நான் சொல்வேன். ஒத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை கோயில் கூடத்தில் விழா ஏற்பாடுகள். ஓவியர் மாங் டீனோ ஏணியில் நின்று தன் படங்களைத் தானே மாட்டிக்கொண்டிருந்தார். மாங் என்றால் எங்கள் ஊர் அண்ணாச்சி மாதிரி. மணிலாவில் பெரிய மண்டபங்களில் இவருடைய படங்கள் இருக்கின்றன என்று லூஸ் சொல்லியிருந்தாள். எல்லாமே வயல், நாற்று, தலையில் துணி கட்டிய பெண்கள், எல்லாவற்றின்மேலும் வெயில். படத்தின் முன்னால் நின்றபோது என் கண் சுருங்கியது. சித்திரை வெயிலில் வெளியே வந்ததுபோல இருந்தது.

ஆரம்பத்தில் ஜீப்னிகளுக்குப் பெயின்ட் அடித்தவர். ஜீப்னி என்பது அந்த ஊர் ஷேர் வண்டி. குதிரை, மாதா, நடிகை, பிள்ளைகளின் பெயர் என்று ஓர் இடம் விடாமல் வரைந்திருப்பார்களாம். எங்கள் ஊர் லாரிகளில் தாமரையும் கழுகும் வரைவதைச் சொன்னேன். ஏணியிலிருந்து இறங்கிவந்து, கழுகின் சிறகு எப்படி இருக்கும் என்று விவரமாகக் கேட்டார்.

"இந்த வெயிலை மணிலாவில் இருக்கும்போது வரைந்தீர்களா?" என்று கேட்டேன்.

"அங்கே இருந்தபோது வெயிலைத் திட்டிக்கொண்டே இருந்தேன். இந்த ஊருக்கு வந்த முதல் குளிர்காலத்தில்தான் வரைய ஆரம்பித்தேன்" என்றார்.

மேடைக்கு அருகே பென் செதுக்கிய மரச் சிற்பங்களை வைத்திருந்தார்கள். பகலில் நாற்காலித் தொழிற்சாலையில் வேலை பார்த்து, மாலையில் பால்கனியில் உளியோடு உட்கார்ந்து செதுக்கியவை. பல கோயில்களிலிருந்து இரண்டு நாளுக்கு இரவல் வாங்கி வந்திருந்தார்கள். ராணி ஒரு மாதா சிலையின் முன் என்னை நிறுத்தினார்.

"மாதான்ரை கையைப் பாருங்கோ அக்கா. உது லூஸ் அன்ரின்ரை கைதான். பென் அங்கிள் எந்த மாதா செய்தாலும் அன்ரின்ரை கைதான் வைப்பார். எங்கடை மன்னார் மடுமாதா சுருவம் ஒண்டு எனக்குச் செய்து தாறன் எண்டவர். அதுக்குள்ளை போயிட்டார்."

நீண்ட விரல்கள், மணிக்கட்டில் லேசான வளைவு. வருகிறவர்கள் எல்லோரும் தொட்டுக் கும்பிட்டுக் கும்பிட்டு வலது கை மட்டும் பளபளவென்று இருந்தது. நான் தொடவில்லை.

ஞாயிறு மதியம் கூடம் நிரம்பி வழிந்தது. பிலிப்பினோக்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள், ஆளுக்கு ஒரு பாத்திரத்தோடு. எங்கள் சபைகளில் அசன விருந்து நடக்கும்போது கேட்கும் அதே இரைச்சல், அதே குழந்தைகள் ஓட்டம். அருள் மீட்டிங் எதையும் சொல்லாமல் வந்து, ராணி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

நான் மேடையின் பக்கத் திரைக்குப் பின்னால் நின்றேன். காலடியில் ஒரு வாளித் தண்ணீர், தோளில் நனைத்த துண்டு. எதிர்ப்பக்கத் திரையில் மாயா, அடுத்த ஆட்டத்துக்கான பிள்ளைகளோடு. லூஸ் என் பக்கத்தில் நாற்காலியில் இருந்தாள். படபடப்பில் வலது கை மிக மோசமாக ஆடியது. என் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் அதை வைத்துக்கொண்டேன். பெயர் கூப்பிட்டார்கள். கண்ணாடிகளில் எண்ணெய்மேல் திரி மிதந்தது. மூன்றையும் ஏற்றினேன். தலையில் ஒன்றை வைத்தேன். இடது கையில் ஒன்று. வலது கையில் கடைசியாக வைத்தேன். விளக்கு ஆடியது. கித்தார்கள் ஆரம்பித்தன. கை அசைந்ததும் நடுக்கம் நின்றது.

அந்த ஆட்டத்தைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. வலது கையைப் பற்றி வேண்டுமானால் எழுதலாம். அது தோளுக்கு மேலே போனது, முதுகுக்குப் பின்னால் போனது, மறைந்தது. சுடர் மறுபடி வெளியே வரும்வரை மூச்சு விடவில்லை.

கித்தார்கள் வேகம் குறைந்தன. முடிவு வருகிறது என்று தெரிந்தது. லூஸ் மேடையின் நடுவுக்கு வந்து இரண்டு கைகளையும் விரித்தாள். நின்றாள். வலது கைச் சுடர் ஒருமுறை துடித்தது.

அதற்குமேல் அவள் நிற்கவில்லை. விரித்த கைகளோடு மெதுவாகச் சுழன்றாள். சுழன்று, சுழன்று, அலை கரைக்கு வருவதுபோல மேடையின் ஓரத்துக்கு, என் பக்கத்துக்கு வந்தாள். திரையைத் தாண்டியதும் வலது கை என் முன்னால் நீண்டது. விளக்கை எடுத்தேன். இடது கை விளக்கையும் எடுத்தேன். தலையில் இருந்ததை அவளே எடுத்துக் கீழே வைத்தாள். மேடை இருண்டது. கூடம் எழுந்து நின்று கைதட்டியது. அதுதான் ஆட்டத்தின் முடிவு என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

ஒருத்தியைத் தவிர. மாயா பிள்ளைகளை விட்டுவிட்டு மேடைக்குப் பின்பக்கமாக ஓடிவந்தாள். "அம்மா, ஏன் நிற்கவில்லை? நீங்கள் முடிவை மாற்றவே மாட்டீர்களே" என்று கேட்டாள். லூஸ் வலது கையை நீட்டினாள். ஒளிக்க அவளுக்குச் சால்வை இல்லை. மாயா அந்தக் கையைப் பார்த்தாள், பிறகு வாளியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் அம்மாவின் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு நின்றாள். கன்னமும் சேர்ந்து நடுங்கியது. வெளியே இன்னும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வாரம் நாங்கள் மூவரும் டாக்டரிடம் போனோம். நாங்கள் நினைத்த நோய்தான். டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு, நடப்பது நல்லது, ஏதாவது உடற்பயிற்சி இருந்தால் இன்னும் நல்லது என்றார். "ஆடலாமா?" என்று லூஸ் கேட்டாள். "தாராளமாக. அதைவிட நல்ல பயிற்சி இல்லை" என்றார். மாயா அம்மாவைப் பார்த்து, "நெருப்பு இல்லாமல்" என்றாள். கிளினிக் படியில் இறங்கும்போது லூஸ், "விளக்கை இனி மாயா எடுக்கட்டும். நேரமாகிவிட்டது" என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னாள். அதைச் சொல்ல அவள் எவ்வளவு பாடுபட்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். அந்தச் சனிக்கிழமை வகுப்பில் பிள்ளைகளிடமும் அவளே சொல்லிவிட்டாள், என் கை இனி இப்படித்தான் இருக்கும், பயப்படாதீர்கள் என்று.

கிளம்புவதற்கு முந்தின நாள் கடைசியாகச் சாப்பிடப் போனேன். மாயா வேலைக்குப் போயிருந்தாள். ஜன்னலைத் திறந்துவைத்துக் கருவாடு பொரித்தோம். வாசனை பிடித்து ராணி வந்து, "என்னை விட்டிட்டுச் சாப்பிடுறியளோ" என்று ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போனார். தட்டைக் கழுவிவிட்டு இருவரும் சோபாவில் சாய்ந்தோம். அவள் கை மடியில், சால்வை இல்லாமல்.

"கேட்க மறந்துவிட்டேன். ஆட்டம் எப்படி இருந்தது?" என்றாள்.

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தேன்.

"நான் ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை, லூஸ். உன் வலது கையை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்."

என்னையே பார்த்தாள்.

"நானும்தான்" என்றாள்.

பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கும் தொற்றிக்கொண்டது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம்.

"அப்படியென்றால் ஆட்டத்தை யார்தான் பார்த்தது?" என்று கேட்டேன்.

"சனங்கள் பார்த்தார்கள். அவர்களுக்காகத்தானே ஆடினோம்" என்றாள்.

ஆங்கிலத்தில் ஆரம்பித்த வாக்கியத்தை அவள் தன் மொழியில் முடித்தாள். ஆடினோம் என்ற இடத்தில் தாயோ என்றாள். அவர்கள் மொழியிலும் நம் மொழியைப் போலவே 'நாங்கள்' என்பதற்கு ஒரு சொல், 'நாம்' என்பதற்கு வேறொரு சொல். தாயோ என்றால் நாம்.